குடவோலையும் கணிப்பொறியும்

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் பேருந்தில் போனால் உத்திரமேரூர். அந்த ஊரின் பெயரை உங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று கி.பி. 919இல் பொறிக்கப்பட்டது, மற்றது 921இல். ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை அவை கூறுகின்றன. ‘குடவோலை முறை பற்றிச் சிறு குறிப்பு வரைக’ என்று பரீட்சையில் கேட்பார்கள். நாமும் எழுதிவிட்டு, மறந்துவிடுவோம்.

மாணவ நண்பர்களே, அந்தக் கல்வெட்டை இன்னொரு முறை, வேறொரு கோணத்தில் பார்க்கலாமா?

முதலில் தகுதிகள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் உடையவராக இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வேதக் கல்வி வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இடமில்லை! அடுத்து வேலைமுறை. ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டங்கள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதி, ஒரு கட்டாகக் கட்டிக் குடத்தில் இட வேண்டும். சிறியவர் பெரியவர் அனைவரும் கூடிய சபையின் நடுவே, அங்குள்ள நம்பிமாரில் மூத்தவர் அந்தக் குடத்தை எல்லோரும் காணும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு காலிக் குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். மறைத்து வைத்த வேறோர் ஓலையை மாற்றிவிட முடியாதல்லவா? அவர் அதை உரக்கப் படிப்பார். பிறகு நம்பிமார் எல்லோரும் படிப்பார்கள். இப்படியே 30 குடும்புகளுக்கும்.

இதில் என்ன இருக்கிறது? ‘இன்ன நிபந்தனை பொருந்தினால் சேர், பொருந்தாவிட்டால் விலக்கு’ என்பது இருக்கிறது. ‘இதே வேலையை முப்பது முறை செய்’ என்பது இருக்கிறது. முடிவைப் பலர் படித்துச் சரிபார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. கணிப்பொறிக்காரர்கள் ‘புரோகிராம்’ என்று சொல்லும் ஆணைத்தொடர் இதுதானே! கல்லில் எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. இதைவிட வேடிக்கை, 919இல் போட்ட விதியில் வயது 30 முதல் 60 வரை என்று இருந்தது. இரண்டே ஆண்டுகளில் அதைத் திருத்தி 35 முதல் 70 வரை ஆக்கிவிட்டார்கள். ஆணைத்தொடரின் இரண்டாம் பதிப்பு!

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம், போன ஆண்டு நான் ஒரு பல்கலைக்கழக அலுவலகத்தில் கழித்த ஒரு பகல் பொழுது.

ஏனாத்தூர்ப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கல்லூரி வாசல் புதிதல்ல. காஞ்சிபுரத்தை ஒட்டிய அந்த ஊரில் 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வந்தது; மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. காலை வேளையில் பேருந்தில் ஏறினால் பாதிப்பேர் மாணவர்கள். ஆனால் நான் போனது இந்த ஊர் அலுவலகத்துக்கு அல்ல. வேறு மாவட்டத்தில் இருப்பது. எது என்பது இங்கே முக்கியமும் இல்லை. என் தங்கையின் மகளுக்கு இடப்பெயர்வுச் சான்றிதழ் வேண்டியிருந்தது. மேற்படிப்புக்கு வேறு பல்கலைக்கழகம் போகிறவர்கள் வாங்க வேண்டிய தாள் அது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மையார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது வயதிருக்கும். மேசையில் கணிப்பொறி; அதன் பக்கத்தில் தடித்த பதிவேடு. விண்ணப்பத்தில் உள்ள பெயர், பதிவு எண், படிப்பு, ஆண்டு எல்லாவற்றையும் முதலில் பதிவேட்டில் எழுதினார். பிறகு அதையே கணிப்பொறியில் அடித்தார். அதை அச்சிட்டு, அந்தத் தாளில் உள்ளதையே இன்னொரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பினார். ஒரே செய்தி மூன்று முறை!

“இயந்திரம் வந்தும் ஏம்மா இப்படி?” என்று கேட்டேன்.

“மெஷின் வந்தப்புறம் வேலை ஒண்ணுக்கு ஒண்ணரையா ஆயிடுச்சு சார். பதிவேட்டை நிறுத்துங்கன்னு யாரும் ஆர்டர் போடலையே” என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 4,000 சான்றிதழ்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் வெறும் நகல் எடுப்பதற்கு மட்டும் ஐந்து நிமிடம். 20,000 நிமிடம் ஆயிற்று. அதாவது 333 மணி நேரம். நாளுக்கு ஏழு மணி நேர வேலை என்றால் ஏறக்குறைய 48 நாட்கள். படித்த ஒருவர் ஆண்டில் 48 நாட்கள், ஏற்கெனவே எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறார். அந்த நாட்களில் ஜன்னலுக்கு வெளியே கால்கடுக்க நிற்கிற மாணவனிடம் பேச அவருக்கு நேரம் ஏது?

அலுவலகத்தில் தன்னியக்கம் என்றதும் பெரிய பெரிய இயந்திரங்களை நினைக்க வேண்டாம். ரப்பர் ஸ்டாம்பு என்ன செய்கிறது? ‘அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது’ என்று நூறு முறை கையால் எழுதும் வேலையை மிச்சப்படுத்துகிறது. கார்பன் தாளும் அப்படியே. உங்கள் தாத்தா காலத்து சைக்ளோஸ்டைல் இயந்திரமும் அப்படியே. இன்று கணிப்பொறியில் ஒரு கடிதத்தை எழுதி, பெயர், எண், பாடம் வரும் இடங்களை மட்டும் காலியாக விட்டு, பக்கத்தில் ஓர் அட்டவணையை வைத்தால், அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கடிதமாக அதுவே நிரப்பித் தந்துவிடும். 4,000 வரி இருந்தால் 4,000 கடிதம். இதற்குத் தனியாக எந்த இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. அநேகமாக எல்லா அலுவலகக் கணிப்பொறிகளிலும் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது. சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை.

உலகில் அலுவலக வேலைக்கென்று ஓடிய முதல் கணிப்பொறி எங்கே பிறந்தது தெரியுமா? டீக்கடையில்! இங்கிலாந்தில் லயன்ஸ் என்ற கம்பெனி தேநீர்க் கடைகளும் ரொட்டி ஆலையும் நடத்தி வந்தது. ஆயிரக்கணக்கான சிறு சிறு பில்கள். அவற்றைக் கூட்டிக் கழிக்கவே ஒரு பட்டாளம் எழுத்தர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அப்போதுதான் எட்சாக் என்ற கணிப்பொறியை அமைத்திருந்தார்கள். அதன் வடிவமைப்பை ஒட்டி லயன்ஸ் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டு, லியோ என்று பெயரிட்டது. 1951 நவம்பரில் அது ரொட்டி ஆலையின் கணக்கைப் போடத் தொடங்கியது. பின்னாளில் சம்பளப் பட்டியலும் போட்டது. தேர்ந்த எழுத்தருக்கு எட்டு நிமிடம் பிடித்த ஒருவருடைய சம்பளக் கணக்கு, ஒன்றரை வினாடியில் முடிந்தது.

அந்த வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கணிப்பொறி என்ற எண்ணமே வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே லயன்ஸ் கம்பெனியில் வேலைமுறையை ஆராய்வதற்கென்று ஒரு தனிப்பிரிவு இருந்தது. எந்தத் தாள் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, ஏன் போகிறது, போகாவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டுக் கேட்டு எழுதுவதுதான் அவர்கள் வேலை. ஆகவே இயந்திரம் வந்தபோது அதற்குச் சொல்ல வேண்டியது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊரில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது. முதலில் இயந்திரம் வாங்குகிறோம். அதற்குப் பூஜை போட்டுப் பொட்டு வைக்கிறோம். வேலைமுறையை எழுதுவதை மறந்துவிடுகிறோம்.

எழுதினால் இன்னொரு நன்மையும் உண்டு. பிழையைப் பிடிக்கும் வழியையும் அதில் சேர்த்துவிடலாம். நகல் எடுக்கும்போது மனிதக் கை செய்யும் பொதுவான தவறு, பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றிவிடுவது. 2715 என்பதை 2175 என்று எழுதிவிடுகிறோம். இரண்டும் உண்மையான பதிவு எண்களாக இருந்தால் ஒருவருடைய மதிப்பெண் மற்றவருக்குப் போய்விடும். இதைத் தடுக்க ஓர் அழகான தந்திரம் இருக்கிறது. தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

2, 7, 1, 5 ஆகிய இலக்கங்களை முறையே 5, 4, 3, 2 ஆல் பெருக்குங்கள். 10, 28, 3, 10 கிடைக்கும். கூட்டினால் 51. இதோடு எதைச் சேர்த்தால் 11 ஆல் மீதியின்றி வகுபடும்? 4ஐச் சேர்த்தால் 55. அந்த 4ஐ எண்ணின் கடைசியில் ஒட்டிவிடுங்கள்: 27154. இப்போது யாராவது 7ஐயும் 1ஐயும் மாற்றி 21754 என்று எழுதினால், 10 + 4 + 21 + 10 + 4 = 49. இது 11 ஆல் வகுபடாது. உடனே இயந்திரம் ‘எண் தவறு’ என்று சொல்லிவிடும். ஏதேனும் ஓர் இலக்கம் மட்டும் தவறினாலும் அகப்பட்டுக்கொள்ளும். ஏன் 11? அது பகா எண் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. கணக்கு ஆசிரியரைக் கேட்டு மடக்குங்கள். புத்தகங்களின் பழைய பத்து இலக்க எண்ணில் இந்த முறைதான் இருந்தது. கடைசியில் 10 சேர்க்க வேண்டி வந்தால் எக்ஸ் என்ற எழுத்தைப் போட்டார்கள். ஆதார் எண்ணிலும் இதே நோக்கத்துக்காக ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கிறது. அதற்கான கணக்கு வேறு, கொஞ்சம் கடினமானது.

இவ்வளவு நல்ல விஷயத்தை ஊழியர்கள் எதிர்ப்பது ஏன் என்று சிலர் கேட்கிறார்கள். எதிர்த்ததும் உண்டு. 1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள், கணிப்பொறியை அலுவலகத்துக்குள் கொண்டுவர விடாமல் நெடுநாள் போராடினார்கள். அவர்களை அறிவியலுக்கு விரோதிகள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் சொல்ல மாட்டேன். நான் கணக்குப் போட்ட 48 நாட்களை யார் எடுத்துக்கொள்வது என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. மிச்சமாகும் நாட்களைக் காட்டி ஓர் ஆளைக் குறைப்போம் என்று நிர்வாகம் நினைத்தால், எந்த ஊழியர்தான் தம் வேலையின் நுணுக்கத்தை வாய் திறந்து சொல்வார்? அவர் சொல்லாவிட்டால் ஆணைத்தொடரில் ஓட்டை விழும். ஆகவே ‘இதனால் உங்களில் யாருக்கும் வேலை போகாது’ என்று எழுத்தில் முதலில் கொடுக்க வேண்டும். ஒப்பந்த ஊழியர்களுக்கும் சேர்த்துத்தான். இது தர்மம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. இது இல்லாமல் காரியமே நடக்காது.

நன்றாக நடந்த உதாரணங்களும் நம்மிடம் இருக்கின்றன. ரயில் முன்பதிவை 1985–86இல் டில்லியில் கணிப்பொறிக்கு மாற்றினார்கள். அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு பேரேடு. அந்தப் பேரேடு இருக்கும் ஜன்னலைத் தேடிப் போய் நிற்க வேண்டும். பிறகு எந்த ஜன்னலிலும் எந்த ரயிலுக்கும் சீட்டு என்றாயிற்று. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான ஒற்றைச் சாளர முறையை அண்ணா பல்கலைக்கழகம் 1997இல் தொடங்கியது. ஒவ்வொரு கல்லூரியாக அலைந்து விண்ணப்பம் போடும் வேலை ஒழிந்தது. 2018இல் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. அதில் ஒரு செய்தி உங்களுக்குச் சுவையாக இருக்கும். இரண்டு மாணவர்களின் மதிப்பெண்கள், பிறந்த தேதி எல்லாம் ஒன்றாக இருந்தால் யாரை முதலில் அழைப்பது? அதற்கென்று ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் கணிப்பொறி முன்கூட்டியே ஒரு சமவாய்ப்பு எண் கொடுத்துவிடுகிறது. உள்ளே இருப்பது அறியாமல் ஓலையை எடுத்த உத்திரமேரூர்ச் சிறுவனின் வேலையை இப்போது அந்த எண் செய்கிறது!

ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டை நான் முழுக்கப் புகழவும் தயாராக இல்லை. குடத்துக்குள் யாருடைய ஓலை விழுந்தது? நிலமுள்ள, வேதம் கற்ற பிராமண ஆண்களுடையது மட்டும். உழுதவர்களின் பெயரோ, பெண்களின் பெயரோ எந்த ஓலையிலும் இல்லை. குலுக்கலில் சூது இல்லை; சிறுவன் நேர்மையாகத்தான் எடுத்தான். குடத்தில் போடாத ஓலையை அவன் எப்படி எடுப்பான்? கணிப்பொறியும் அந்தச் சிறுவனைப் போன்றதுதான். விதியை எழுதியவர் யாரை மறந்தாரோ, அவரை இயந்திரமும் மறந்துவிடும். அதுவும் ஆயிரக்கணக்கான முறை, சலிக்காமல் மறக்கும்.

என் தங்கை மகளுக்கு அன்று அதுதான் நேர்ந்தது. அவளுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் பெயருக்கு முன்னால். கல்லூரிச் சான்றில் பின்னால். போதாததற்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம். ‘இரு வேறு நபர்கள்’ என்று கணிப்பொறி தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த ஆணைத்தொடரை எழுதியவர் குடும்பப் பெயர் உள்ள நாட்டுக்காரர்களை நினைத்து எழுதியிருக்க வேண்டும். அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தம் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் நம் வழக்கம் அவருக்குத் தெரியவில்லை, அல்லது தோன்றவில்லை.

“மாமா, நான் நானேதான்னு எப்படி நிரூபிக்கிறது?” என்று அவள் அழாத குறை.

ஜன்னலில் இருந்த அந்த அம்மையார் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஏதோ பக்கத்தைப் பார்த்தார். ஒரு தாளில் நாலு வரி எழுதிக்கொண்டு, எழுந்து கண்காணிப்பாளர் அறைக்கு நடந்து போனார். பத்து நிமிடத்தில் கையெழுத்தோடு திரும்பினார். “இந்த மாதிரி நூறு கேஸ் பார்த்தாச்சு கண்ணு, பயப்படாதே” என்றார் அவளிடம்.

இந்தப் பத்து நிமிடத்தை இயந்திரத்திடம் ஒப்படைக்கக் கூடாது என்பது என் கட்சி. மேலே சொன்ன ஐந்து நிமிடத்தை, அதாவது நகல் எடுக்கும் ஐந்து நிமிடத்தை, உடனே ஒப்படைத்துவிட வேண்டும் என்பதும் என் கட்சியே. எது எந்த வகை என்று பிரிக்கத் தெரிந்தவர் அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர்தான். மென்பொருள் கம்பெனிக்குத் தெரியாது. பதிவாளருக்கும் முழுக்கத் தெரியாது.

இப்போது ஒரு புதிய வசதி வந்திருக்கிறது. வேண்டியதைப் பேச்சு வழக்கில் சொன்னாலே சிறிய ஆணைத்தொடர்களைக் கணிப்பொறி தானே எழுதித் தருகிறது. ஆணைத்தொடர் எழுதக் கற்காத ஓர் எழுத்தரும் தம் வேலைக்கு வேண்டிய கருவியைத் தாமே செய்துகொள்ளலாம் என்ற நிலை முதன்முறையாக வந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். அது எழுதியதை அப்படியே நம்பி ஓடவிடக் கூடாது. ஏற்கெனவே முடிந்த பத்துப் பழைய கோப்புகளை அதற்குக் கொடுத்து, பழைய விடையே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பத்தில் இரண்டாவது, இனிஷியல் சிக்கல் போன்ற வில்லங்கமான கோப்பாக இருக்க வேண்டும். இன்னொன்று, மாணவர்களின் சாதி, வருமானம், மதிப்பெண் எல்லாம் உள்ள பட்டியலை இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் இலவசக் கருவிக்குள் கொட்டிவிடக் கூடாது. தனிநபர் விவரங்களைக் காக்க 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது.

இதில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது. நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் தொடங்கியது. கிராமத்துக்குப் போய்ச் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம். அதில் ஒரு வாரத்தைக் கல்லூரி அலுவலகத்துக்கே கொடுத்தால் என்ன? ஓர் ஊழியருக்கு இரண்டு மாணவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செய்வதைப் படிப்படியாக எழுதுவது மட்டுமே முதல் நான்கு நாள் வேலை. கணிப்பொறியைத் தொடவே கூடாது. ஐந்தாம் நாள், எந்தப் படி வீண், எந்தப் படி இயந்திரத்துக்கு, எந்தப் படி மனிதருக்கு என்று அவரையே கேட்டுக் குறிக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றது.

பள்ளியில் படிக்கும் நீங்கள் இப்போதே பழகலாம். உங்கள் பள்ளியில் போனபைட் சான்றிதழ் கேட்டால் என்னென்ன நடக்கிறது? ஏழாம் வகுப்பில் படிக்கும் உங்கள் தம்பி அதை மட்டும் பார்த்து, வேறு யாரையும் கேட்காமல் செய்து முடிக்கும் அளவுக்கு எழுதிப் பாருங்கள். எழுதியதை உங்கள் பள்ளி அலுவலக எழுத்தரிடம் காட்டுங்கள். குறைந்தது ஆறு இடத்திலாவது ‘அப்படி இல்லப்பா’ என்பார். எனக்கு ஒன்பது இடத்தில் சொன்னார்கள்.

அன்று சான்றிதழ் கைக்கு வந்த பிறகு, அந்த அம்மையாரிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டும்படி கேட்டேன். சுமார் 40 பக்கம், நெருக்கி எழுதியது. பெயர் மாற்றம், தந்தை இறந்தவர், இரண்டு கல்லூரியில் படித்தவர், வெளிநாட்டில் பிறந்தவர் என்று ஒவ்வொரு சிக்கலுக்கும் என்ன செய்தார், எந்த ஆணையின்படி செய்தார் என்று தேதியோடு இருந்தது. வருகிற ஜூனில் ஓய்வு பெறுகிறாராம். “இதை யாரிடம் கொடுத்துவிட்டுப் போவீர்கள்?” என்றேன். “இதுவரைக்கும் யாரும் கேட்கல சார்” என்றார்.

என் தங்கை மகளும் அவளுடன் படித்த இரண்டு பேரும் இப்போது சனிக்கிழமைகளில் அந்த அலுவலகத்துக்குப் போய் வருகிறார்கள். கண்காணிப்பாளர் அனுமதி கொடுத்துவிட்டார். மாணவர்களின் பெயர்களை விட்டுவிட்டு, சிக்கலையும் தீர்வையும் மட்டும் எழுதுகிறார்கள். பதினோரு பக்கம் முடிந்திருக்கிறது.